நாணற்குடாவின் தண்ணிமட்டம்

அரசாங்கம் ஒரு ஊரைச் சனத்துக்குத் திருப்பிக் குடுக்கிறதெண்டா சும்மா தூக்கிக் குடுக்க ஏலாது. முதல்ல அப்பிடியொரு ஊர் இருக்குது எண்டதுக்கு ஒரு படம் வேணும். படமில்லாமக் குடுத்தா, இல்லாத ஊரைக் குடுத்ததாப் போயிடும். அது பெரிய பிழை. இந்த ஞாயம் எனக்கும் முந்தித் தெரியா. ரெண்டாயிரத்தி ஏழாம் ஆண்டுதான் படிச்சுக்கொண்டன்.

அந்த வருசம் ஷெல்லடி தொடங்க, மேற்குப் பக்கத்துப் படுவான்கரைச் சனம் முழுக்க மட்டக்களப்பு வாவியைக் கடந்து கிழக்குப் பக்கத்து எழுவான்கரைக்கு ஓடி வந்தது. எங்கட நாணற்குடா வவுணதீவுக்கு அங்கால வாவி ஓரத்தில கிடக்கிற ஊர். அறுவத்திமூண்டு குடும்பம். ஓடின ஓட்டத்தில நான் காலில ஒரு செருப்போடயும் கையில அகப்பையோடயும் வந்து சேர்ந்தன். அகப்பையை ஏன் தூக்கினன் எண்டு இண்டைக்கும் தெரியா. சட்டியை விட்டுப்போட்டு அகப்பையோட வந்தவள் எண்டு முகாமில எனக்குப் பேர்.

முகாமும் வாவிக்கரையிலதான். கூடார வாசலில குந்தினா எதிர்க்கரையில எங்கட கோயில் கலசம் தெரியும். வெயில் சரியா விழுந்தா கனகசிங்கத்திர வீட்டுத் தகரமும் மினுங்கும். தோணியில போனா முக்கால் மணித்தியாலம். கடுதாசியில போனா எவ்வளவு தூரம் எண்டுதான் எங்களுக்குத் தெரியாமக் கிடந்தது.

கனகசிங்கத்தைப் பற்றிச் சொல்லவேணும். எங்கட ஊர்ப் பெயின்டர். கோயில் திரைச்சீலை கீறுவான், ஸ்டூடியோக்காரருக்குப் பின்னால தொங்குற சீலை கீறுவான். வாழைச்சேனை ஸ்டூடியோ ஒண்டுக்கு அவன் கீறிக் குடுத்த கல்குடாக் கடல் அவ்வளவு அச்சு அசல். என்ட மச்சாள் புஸ்பத்திர கல்யாணப் படம் அதுக்கு முன்னாலதான் எடுத்தது. படத்தைப் பார்த்த அவட மாமியார், வந்த அண்டைக்கே மருமகள் சேலையோட கடலில இறங்கியிருக்காள் எண்டு மூண்டு மாசம் பேசாம இருந்தவ. அப்பிடிக் கை அவனுக்கு. எனக்கு மருமகன் முறை. மாமி மாமி எண்டுதான் கூப்பிடுவான்.

எங்கட ஊரைத் திருப்பிக் குடுக்கிற பொறுப்பு ஒரு கந்தோருக்கு விழுந்தது. பேர்: மீள்குடியேற்ற நிலக்காட்சி ஒருங்கிணைப்பு அலகு. முகாமுக்குப் பக்கத்துப் பழைய நெல்லுக் களஞ்சியத்தில ரெண்டு மேசை, ஒரு ஜெனரேட்டர், ஒரு பூச்சட்டி. இணைப்பாளர் கதிர்காமத்தம்பி. நல்ல மனுசன். ஆரையும் கடிஞ்சு ஒரு சொல் சொல்லமாட்டார். இல்லை எண்டதைக்கூட "தற்போதைக்கு ஆவன செய்யப்படுகின்றது" எண்டுதான் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டுப்போட்டு ரெண்டு பேர் சந்தோசமா வீட்டுக்குப் போய், மறுகா பக்கத்துக் கூடாரத்துக்காரன் விளங்கப்படுத்தினாப் பிறகு அழுதவங்க.

ஊரின்ட படம் ஒண்டு வேணும் எண்டு அவர் சொன்ன உடன கனகசிங்கம் ரெண்டே நாளில கீறிப்போட்டான். நிவாரணத்துக்குக் குடுத்த படுக்கைச் சீலையில, அறுவத்திமூண்டு வீடும், கோயிலும், வட்டை வயல் முழுக்க வரம்பும் வாய்க்காலும். என்ட வீட்டுப் பின்பக்கத்து முருங்கை முறிஞ்சு கிடந்ததைக்கூட விடயில்லை. சனம் சீலைக்கு முன்னால நிண்டு அழுதது. சீலையைச் சுருட்டிக்கொண்டு போய்க் குடுத்தம். இணைப்பாளர் விரிச்சுப் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு, ஆனா இது கையால கீறினது எண்டார். கைக்கு ஊரில பாசம் இருக்குமாம். பாசமுள்ள சாட்சியத்தை அலகு ஏற்காதாம். கொம்பியூட்டருக்குச் சொந்த ஊர் கிடையாது, அதால அது கீறினாத்தான் செல்லுமாம்.

அந்த வருசம் எல்லாருக்கும் கொம்பியூட்டர்க் காய்ச்சல் எண்டதையும் சொல்லவேணும். என்ட பசு தொலைஞ்சதைப் பதியப் போனன். கொம்பியூட்டரில பசுவுக்கு இடமில்லை எண்டு "ஏனைய" எண்டதுக்குள்ள போட்டாங்க. வேலிக்கும் அதே இடம்தான், என்ட புருசன்ட சைக்கிளுக்கும் அதே இடம்தான். இப்பவும் அதுகள் எல்லாம் ஒண்டாத்தான் கிடக்கும் எண்டு நினைக்கன்.

கனகசிங்கத்தை அஞ்சு நாள் பயிற்சிக்குக் காத்தான்குடிக்கு அனுப்பினாங்க. நிலக்காட்சி செய்யிற கொம்பியூட்டர்ப் படிப்பு. படிப்பிச்சது ஹிதாயா எண்டொரு புள்ள. புடவைக்கடைக்கு மேல்மாடியில வகுப்பு. புள்ள கெட்டிக்காரி, பொறுமைசாலி. இல்லாட்டி அண்டைக்கே கனகசிங்கத்தை மாடியால தள்ளியிருப்பாள். ஏனெண்டா இவன் மவுஸைத் தூரிகை மாதிரி அந்தரத்தில தூக்கிப் பிடிச்சுக்கொண்டு கீறுறான். ஒண்டும் அசையயில்லை. மறுகா, படம் எப்பிடி வந்திருக்கு எண்டு பார்க்க அஞ்சடி பின்னால போறான், கையில மவுஸோடயே. ரெண்டு தரம் வயர் கழண்டு விழுந்தது.

அது கீறுற கொம்பியூட்டர் இல்லையாம். இவன் உயரத்தைச் சொல்லவேணும், அதுவே மலையும் மரமும் வானமும் செய்யும். தட்டின உடன முதல்ல வந்தது பனி மூடின மலை. எங்கட பக்கத்தில எங்க மலை? கடலும் வாவியும் வட்டையும்தானே. அவன் அந்த மலையைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கினான். முழுசா மூண்டு நாள். உலகத்தில எல்லாரும் மலை எழுப்பத்தான் இதைப் படிக்காங்க அண்ணன், நீங்க ஒராள்தான் மலை இடிக்கப் படிக்கீங்க எண்டு ஹிதாயா சொன்னாளாம்.

தண்ணிக்கு மட்டும் ஒரு ஏற்பாடு இருந்தது. முழுப் படத்துக்கும் ஒரே தண்ணிமட்டம். ஒரு கோடு, அதில ஒரு சின்னக் குமிழ். குமிழை ஏத்தினா எல்லா இடத்திலயும் தண்ணி ஏறும், இறக்கினா எல்லா இடத்திலயும் வத்தும். எங்கட ஊர் வாவியை விட ஒரு முழம் உயரம் இருந்தாப் பெரிய காரியம். ஆனா அந்தக் குமிழ் ஒரு படி ஏறினாலே ஏழெட்டு மீற்றர். வாவி பூச்சியத்தில, ஊர் அதுக்கு மேல மயிரிழையில. அதை மட்டும் தொட்டிராதீங்க அண்ணன் எண்டு புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்பினாள்.

அஞ்சாம் நாள் அவன் கொண்டுவந்த படத்தை நான் கண்ணால பார்த்தன். வாவி ஓரமா ஒரு கோடு மாதிரி நாணற்குடா. தகரம் தெரியுது, கலசம் தெரியுது, பின்னால பொழுது படுகிது. அவன்ட பொஞ்சாதி சீதேவி அதைத் தொட்டுப் பார்த்துப்போட்டுக் கையைக் கண்ணில ஒத்தினாள். ஐப்பசி மழைக்கு முன்னம் போய் விதைக்கலாம் எண்டு விதைநெல் கேட்டு அவள் தமையனுக்கு ஆளும் அனுப்பிப்போட்டாள். எங்களுக்கு வேறென்ன வேணும்? மழைக்கு முன்னம் வீடு போகவேணும். அவ்வளவுதான்.

அடுத்த கிழமை கொழும்பில இருந்து வெள்ளைக்காரத் தூதுக்குழு ஒண்டு வர இருந்தது. இணைப்பாளர் படத்தைக் கொம்பியூட்டரில போடச் சொல்லிப் பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிச்சார். கனகசிங்கம் வந்து எனக்கு வரி வரியாச் சொன்னதால சொல்றன்.

"தம்பி, வாவி மெலிஞ்சு போய்க் கிடக்கே."

"வாவி அவ்வளவுதான் சேர்."

"மட்டக்களப்பெண்டா வாவி. வர்ற ஆக்கள் வாவியைப் பார்க்கத்தானே வாறாங்க. கொஞ்சம் கூட்டுங்க."

"கூட்டினா ஊர் தாழும் சேர். ஊர் தட்டையான ஊர்."

"ஒரு படிதானே தம்பி. ஒரு படிக்கு ஒரு ஊர் தாழுமா?"

கனகசிங்கம் குமிழை ஒரு படி ஏத்தினான். ஊர் தாண்டது. வீடும் வட்டையும் ஒண்டுமில்லை. கலசமும் நாலு தென்னை வட்டும் மட்டும் தண்ணிக்கு மேல. ஆனா அந்தி வெளிச்சம் முழுக்கத் தண்ணியில விழுந்து, பொன்னை உருக்கி ஊத்தின மாதிரி. வடிவு எண்டா வடிவு. இணைப்பாளருக்குக் கண் கலங்கிப் போச்சாம்.

"இதுதான் மட்டக்களப்பு."

"சேர், ஊரைக் காணயில்லையே."

"ஊரைப் பிறகு போடலாம். முதல்ல அழகு வரட்டும்."

அதை அச்சடிச்சு, கண்ணாடி போட்டு, கீழ கையொப்பம் வெச்சு, றப்பர் முத்திரையும் குத்தியாச்சு. தூதுக்குழு வந்தது. படத்துக்கு முன்னால நிண்டு போட்டோ எடுத்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா, இவ்வளவு அமைதியான இடத்திலயா சண்டை நடந்தது எண்டு கேட்டாவாம். ஓம், சண்டை பிடிக்க ஒரு வீடும் மிச்சமில்லை, அமைதிக்கு என்ன குறை.

பத்து நாளைக்குப் பிறகு மீள்குடியேற்றப் பட்டியல் ஒட்டினாங்க. பக்கத்து ஊர் எல்லாம் இருக்கு. நாணற்குடா இல்லை. கடைசித் தாளில, அடிக்குறிப்பில, சின்ன எழுத்தில கிடந்தது: நாணற்குடா, நீர்நிலை.

கனகசிங்கம் ஓடினான். நாங்க நாலஞ்சு பேரும் பின்னால போனம். இணைப்பாளர் எங்களுக்கெல்லாம் கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார்.

"படத்தில தண்ணி நிக்கிற இடத்துக்கு நான் எப்பிடிக் குடும்பங்களை அனுப்புவன்? தாண்டு செத்தா ஆர் பொறுப்பு?"

"சேர், படம் பிழை. நீங்கதான் கூட்டச் சொன்னீங்க."

"அப்ப அது படம். இப்ப அது ஆவணம்."

கனகசிங்கம் சன்னலைத் திறந்து கையை நீட்டிக் காட்டினான். வாவிக்கு அங்கால நாணற்குடா பட்டப்பகலில கிடக்கு. கலசம், தகரம், தென்னை. இணைப்பாளர் எழும்பி வந்து, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கொண்டு, நல்லா உத்துப் பார்த்தார். மறுகா சன்னலை மெல்லச் சாத்தினார்.

"அது உங்கட தனிப்பட்ட பார்வை, தம்பி."

வழி ஒண்டும் இல்லை எண்டு அவர் சொல்லயில்லை. ஏறின தண்ணி இறங்கிப்போச்சு எண்டு நீர்மட்டப் பரிசோதகரிட்ட ஒரு அத்தாட்சி வாங்கி வந்தா ஆவன செய்யப்படும் எண்டார். பரிசோதகர் தோணியில போய், அளவுத்தடி நட்டு, ரெண்டு நாள் அளந்தார். நேர்மையான மனுசன். தண்ணி ஏறவே இல்லை, அதால இறங்கினது எண்டு அத்தாட்சி தர ஏலாது எண்டு எழுதிக் குடுத்தார். அலகு அதை வாசிச்சுப்போட்டு, தண்ணி இறங்கயில்லை எண்டு பரிசோதகரே உறுதிப்படுத்தியிருக்கார் எண்டு கோப்பில கோர்த்துது.

முகாமில கனகசிங்கத்தோட ஒருத்தரும் முகம் குடுத்துப் பேசயில்லை. ஊரைத் தாட்டவன் போறான் எண்டு சின்னனுகள்கூடச் சொல்லும். சீதேவி பேசினாள், ஆனா அவனோட இல்லை, சட்டியோட பேசினாள். எத்தினை ஷெல் விழுந்தது, ஒரு ஷெல்லாலயும் முடியாத வேலையை இவர் ஒரு விரலால செய்து முடிச்சுப்போட்டார் எண்டு அவள் சட்டிக்குச் சொன்னதை முழு முகாமும் கேட்டது. அவன் கூடாரத்துக்கு வெளியில குந்தியிருந்து எதிர்க்கரையைப் பார்ப்பான். புரட்டாதி முடியப் போகுது. வானம் கறுக்கத் தொடங்கிட்டு.

அந்த நேரம் வழி காட்டினது காத்தான்குடி மீன் யாவாரி ஆதம்பாவா. முகாமுக்குப் பின்னேரத்தில சைக்கிளில மீன் கொண்டாறவர். நல்ல வாய். ஒருக்கா செத்த திரளி மீனை உயிரோட இருக்கு எண்டு எனக்கு வித்தவர். கேட்டா, அக்கா, அது அப்பத்தான் மௌத்தாப் போனது எண்டார். அவருக்கு எங்கட கதையைச் சொன்னம். சைக்கிளைச் சாய்ச்சு வெச்சுப்போட்டுக் கேட்டார்.

"தண்ணி எண்டு ஆரு சொன்ன?"

"கந்தோர்."

"முத்திரை குத்திச் சொல்லி ஈக்கா?"

"ஓம்."

"அப்ப என்னத்துக்கு மச்சான் ஊருக்குப் போகப் பெர்மிஷன் கேட்டு மாயுறீங்க? தண்ணிக்குப் போகக் கேளுங்க. மீன்பிடிப் பாஸ் எடுங்க."

மூண்டு நாளில அறுவத்திமூண்டு குடும்பத்துக்கும் பாஸ் வந்திட்டு. நாணற்குடா நீர்நிலையில காலமை ஆறில இருந்து பின்னேரம் அஞ்சு வரைக்கும் கடற்றொழில் செய்யலாம். இணைப்பாளரே சிபார்சுக் கடிதம் தந்தார். நீர்நிலை எண்டதில அவருக்குச் சந்தேகமே இல்லையே.

தோளில வலையைப் போட்டுக்கொண்டு நாங்க வீட்டுக்குப் போனம். வலை போட்டுத் தூக்கத் தெரிஞ்ச ஆக்கள் அதில பத்துப் பேர் இல்லை, மிச்சமெல்லாம் வட்டைக்காரர். என்ட வாசலில ஒரு முழத்துக்குப் புல்லு. கூட்டினன், அடுப்பு மூட்டினன், என்ட சட்டியும் அப்பிடியே கிடந்தது. சீதேவி வீட்டுத் தூணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். அண்டைக்குத்தான் கனகசிங்கத்தைப் பார்த்து, சாப்பிடுறீங்களா எண்டு கேட்டாள்.

பின்னேரம் துறையடியில ஆமிக்காரன் மறிச்சான்.

"மாலு கோ?"

மீன் எங்க எண்டு கேக்கிறான். அறுவத்திமூண்டு குடும்பம் மீன் பிடிக்கப் போய், பதினொரு மணித்தியாலத்துக்குக் கிட்ட நிண்டு, ஒரு பொடி மீன்கூட இல்லை. பெரிய சந்தேகமாப் போச்சு. பொழுது படும்வரை துறையில குந்த வெச்சுப்போட்டுத்தான் விட்டாங்க. அடுத்த நாளில இருந்து காலமையே ஆதம்பாவாட்ட மீன் வாங்கிக்கொண்டு போனம், பின்னேரம் காட்டுறதுக்கு. போகக்குள்ளயும் மறிச்சாங்க. மீன் பிடிக்கப் போறவன் ஏன் மீன் கொண்டு போறான் எண்டு. இரை எண்டம். கொப்பியில எழுதினாங்க: இரை, திரளி, பெரிசு, அறுவத்திமூண்டு. பின்னேரம் அதே மீன் திரும்பி வரும். வெயிலில நாறிப்போகுது எண்டு ஆதம்பாவா ஐஸ்பெட்டியும் தந்தார். அவரைச் சும்மா சொல்லக்கூடாது, திரும்பி வந்த மீனை மறுகா எங்களிட்டயே வித்தார்.

உழுறதுக்கு மெசின் வேணுமே. உழவு மெசினுக்குப் பாஸ் இல்லை. எஞ்சின் பூட்டின வள்ளத்துக்கு இருக்கு. கனகசிங்கம் கன நாளைக்குப் பிறகு தூரிகையைத் தொட்டான். மெசினின்ட மூக்கில நீலப் பெயின்டால வள்ள நம்பரும், ரெண்டு பக்கமும் அலையும் கீறி விட்டான். வாவியைக் கடக்கிற பாதைப்படகில ஏத்திக்கொண்டு போகக்குள்ள ஆமிக்காரன் நாலு சில்லையும் பார்த்தான், நம்பரைப் பார்த்தான், கொப்பியைப் பார்த்தான். கொப்பியில வள்ளம் எண்டு இருந்தது. விட்டான். மழைக்கு ரெண்டு நாள் முன்னம் விதைச்சு முடிச்சம்.

மாசியில நெல்லு வெட்டினம். மூட்டையைக் கொண்டாற நேரம் துறையில ஒரு சிக்கல். நீர்நிலையில எப்பிடி நெல்லு? ஆமிக்காரன் கந்தோருக்கு ஆளனுப்பினான். இணைப்பாளர் சட்டப்புத்தகம் எல்லாம் பார்த்து முடிவு அனுப்பினார். நீர்நிலையில இருந்து எடுக்கப்படுவது யாவும் கடற்றொழில் விளைபொருள். கொப்பியில எழுதினாங்க: மீன், நெல் இனம், நானூத்திப் பத்து மூட்டை.

அதாலதான் எல்லாம் பிழையாப் போச்சு. வருசக் கணக்குப் பார்த்தா மாவட்டத்திலயே ஆகக் கூடின மீன் பட்டது நாணற்குடாவில. கொழும்பில இருந்து ஒருத்தர் வந்து இணைப்பாளருக்கு மாலை போட்டார். எங்களுக்கும் அறிவிச்சாங்க: முன்மாதிரி மீன்பிடி நீர்நிலை எண்டு தெரிவு செய்திருக்கு, குடும்பத்துக்கு ஒரு எஞ்சின், ஒரு வள்ளம், மாசா மாசம் உலர் உணவு. விரைவில.

அதே கிழமைதான் கனகசிங்கம் சிரிச்சுக்கொண்டு வந்தான். ஹிதாயாவைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கான். புள்ள இணைப்பாளருக்கு முன்னாலயே குமிழை ஒரு படி இறக்கியிருக்காள். ஊர் அப்பிடியே எழும்பி வந்திட்டு. மாலை போட்ட சந்தோசத்தில இருந்த மனுசன், சரி, அறுவத்திமூண்டு குடும்பமும் சம்மதிச்சுக் கையெழுத்து வெச்சா இந்தப் படத்தை ஏற்கிறன், அடுத்த நாளே குடியேறலாம் எண்டு சொல்லிப்போட்டார். இனி அஞ்சு மணிக்கு ஓடி வரத் தேவையில்லை. ராவையில சொந்த வீட்டில படுக்கலாம்.

அவன் கூடாரம் கூடாரமாத் தாளைக் கொண்டு திரிஞ்சான். முதல் கூடாரத்தில, நாளைக்குப் பார்ப்பம் எண்டாங்க. ரெண்டாவதில பேனை இல்லை எண்டாங்க. அவன்ட சட்டைப் பையில மூண்டு பேனை இருந்தது. கடைசியா என்னட்ட வந்தான்.

"மாமி, நீங்களாவது வைங்க."

"வைக்கிறன் மனே. எஞ்சின் வரட்டும்."

"எஞ்சின் என்னத்துக்கு மாமி? நீங்க மீன் பிடிக்கிறீங்களா?"

"நான் பிடிக்கயில்லை. ஊர் நிலமாப் போனா உலர் உணவு நிக்கும். கேள்விப்பட்டன்."

அவன் சீதேவியைப் பார்த்தான். அவள் இந்த முறை சட்டியோட பேசயில்லை, அவனோடயே பேசினாள். வள்ளத்தை வித்தா ஒரு அறை கட்டலாம், ஆறு மாசம் பொறுத்தா என்ன எண்டாள்.

தாள் வெறுமனே கிடந்தது. அதுக்குப் பதிலா இன்னொரு தாளில அறுவத்திமூண்டு கையெழுத்தும் ஒரே நாளில விழுந்தது: நாணற்குடா பரம்பரை பரம்பரையா நீர்நிலைதான், அதை நிலமாக்கும் முயற்சியை நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம். "வன்மையாக" எண்டதை நான்தான் போடச் சொன்னன். கனகசிங்கத்திர கையெழுத்தும் அதில இருக்கு. சீதேவி பக்கத்தில நிண்டவள்.

மனுவோட படமும் இணைக்கவேணும் எண்டு கந்தோர் கேட்டது. பழைய படத்தில கலசமும் நாலு தென்னையும் தெரியுது, ஆராவது அதைக் கண்டு ஊர் எண்டு சொல்லிப்போட்டா வில்லங்கம் எண்டு சனம் சொன்னது. கனகசிங்கம் களஞ்சியத்துக்குப் போய், கதிரையில குந்தி, குமிழை நல்லா ஏத்தி விட்டான். அவனுக்கு இப்ப மவுஸ் நல்லாப் பிடிபட்டுப் போச்சு. அஞ்சடி பின்னால போறதும் இல்லை.

எஞ்சின் இன்னும் வரயில்லை. ஆவன செய்யப்படுகின்றதாம். புதுப் படத்தில ஒரு பிரதி கேட்டு வாங்கி, கூடாரத்துக்குள்ள கொழுவி வெச்சிருக்கன். மேல முழுக்க வானம், கீழ முழுக்கத் தண்ணி, நல்ல வடிவு. பார்க்க வாற ஆக்கள், இதில உங்கட வீடு எது எண்டு கேப்பாங்க. நான் விரலை வெச்சுக் காட்டுவன். இந்தா, இந்தத் தண்ணிதான்.